யாரும் அமராத கதிரைக்கு ஏன் இவ்வளவு விலை?

ஆங்கிலப் பத்திரிகைகளின் வாரமலர்களில், வீட்டலங்காரப் பக்கங்களில், ஒரு வாக்கியம் ஓயாமல் வந்துகொண்டிருக்கின்றது. புகழ்பெற்ற வடிவமைப்பாளர் ஒருவரின் கதிரையை வாங்குவது செலவு ஆகாது, அது முதலீடு என்பதே அந்த வாக்கியம். நம்மவர் வீடுகளிலோ இதற்கு நேர்மாறான ஒரு குரல் கேட்கின்றது. "ஒரு கதிரைக்கு ஆறாயிரம் டொலரோ? கதிரை எண்டால் இருக்கிறதுக்குத்தானே?" முன்னதைச் சொல்பவர்கள் தம்மை இரசனை மிக்கவர்களாகவும் பின்னதைச் சொல்பவர்கள் தம்மைச் சிக்கனக்காரர்களாகவும் எண்ணிக்கொள்கின்றார்கள். என் பார்வையில் இரு தரப்பாருமே கதிரை என்ற பொருளைக் கண்ணெடுத்துப் பார்க்காதவர்கள். ஒரு சாரார் அதன் விலைச்சீட்டை மட்டும் பார்க்கின்றார்கள், மறு சாராரும் அதையேதான் பார்க்கின்றார்கள்.

முதலில் முதலீட்டுக்காரர்களைக் கவனிப்போம். அவர்களுக்குச் சண்டிகார் நகரத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் ஒன்று தேவைப்பட்டது. 1951இல் லு கோர்பூசியே என்னும் கட்டடக் கலைஞரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரரான பியர் ஜெனரே 1965 வரை அங்கேயே தங்கி வேலையை நடத்தினார். தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகம் என்று வரிசையாக எழுந்த கட்டடங்களுக்கெல்லாம் தளபாடம் வேண்டுமே! தேக்கு மரத்திலும் பிரம்பிலும், கவராயத்தை விரித்து வைத்தாற்போன்ற கால்களுடன், உள்ளூர்த் தச்சர்கள் செய்யக்கூடிய விதமாகக் கதிரைகள் வடிவமைக்கப்பட்டன. எழுதுவினைஞர்கள் அவற்றில் இருந்துதான் கோப்புகளைப் புரட்டினார்கள். பிரம்பு அறுந்ததும் கதிரை மூலைக்குப் போயிற்று. மொட்டை மாடிகளிலும் பின்முற்றங்களிலும் மழையில் நனைந்தபடி அவை குவிந்துகிடந்தன. திணைக்களங்கள் அவற்றைக் கழிவுப்பொருளாக ஏலத்தில் விற்றன. அப்படி விற்றவற்றை வெளிநாட்டு வணிகர்கள் வாங்கிக்கொண்டுபோய்த் துடைத்து, மெருகிட்டு, புதிதாகப் பிரம்பு பின்னி, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏலக்கூடங்களில் வைத்தபோது அதே கதிரைகள் இலட்சக்கணக்கான ரூபாவுக்கு விலைபோயின. 2011இல் இந்திய உள்துறை அமைச்சு விழித்துக்கொண்டு, இனி இவற்றை விற்கக்கூடாது என்று உத்தரவிட்டது. அதற்குள் போகவேண்டியவற்றில் பெரும்பகுதி போய்விட்டது.

இந்தக் கதையைக் கேட்டதும் முதலீட்டுக்காரர்கள் கண்கள் விரிய, "பார்த்தீர்களா, எத்தனை மடங்கு இலாபம்!" என்பார்கள். இலாபம் யாருக்குக் கிடைத்தது? கழிவு விலைக்கு வாங்கத் தெரிந்த வணிகனுக்கு. அந்தக் கதிரையில் முப்பது ஆண்டுகள் இருந்த எழுதுவினைஞருக்கு ஒரு சதமும் இல்லை. வரவேற்பறைக்கென்று இன்று புதிதாக வாங்கும் குடும்பஸ்தர் கடையின் முழு விலையையும் வரியையும் கொடுத்து வாங்குகின்றார். வீட்டுக்குக் கொண்டுவந்து உறையைப் பிரித்த அன்றே அது பழைய சாமானாகிவிடுகின்றது. விலை ஏறுவது பெரும்பாலும் உற்பத்தி நின்றுபோன, எண்ணிக்கை குறைந்த, பிறப்பு வரலாற்றை நிறுவக்கூடிய பழம்பொருள்களுக்குத்தான். தொழிற்சாலை இன்றும் நாள்தோறும் செய்து தள்ளிக்கொண்டிருக்கும் ஒன்றைக் கடையில் வாங்கிவிட்டு அதனை முதலீடு என்பவர் தம்மையே ஏமாற்றிக்கொள்கின்றார். அது மட்டுமன்று. முதலீடு என்று வாங்கிய கதிரையில் யாரும் இருக்க முடியாது. பிள்ளை ஏறினால் அதட்டல். விருந்தினர் தேநீர்க் கோப்பையுடன் நெருங்கினால் வீட்டுக்காரருக்கு நெஞ்சு படபடக்கும்.

இப்பேர்ப்பட்ட கதிரைகளைச் செய்தவர்களின் எண்ணம் என்னவாக இருந்தது என்று பார்த்தால் இந்த வேடிக்கை இன்னும் கூடுகின்றது. மைக்கேல் தோனெற் என்பவர் 1859இல் வெளியிட்ட 14ஆம் இலக்கக் கதிரை, நீராவியில் வளைத்த மரத்துண்டுகள் ஆறு, திருகாணிகள் பத்து, சுரைகள் இரண்டு ஆகியவற்றால் ஆனது. பிரித்து அடுக்கினால் ஒரு கன மீற்றர் பெட்டிக்குள் 36 கதிரைகள் அடங்கும். கப்பலேற்றி உலகின் எந்த மூலைக்கும் அனுப்பி, போய்ச் சேரும் இடத்தில் பூட்டிக்கொள்ளலாம். 1930க்குள் ஏறத்தாழ ஐந்து கோடி விற்றதாகச் சொல்வார்கள். தேநீர்க் கடைக் கதிரை அது! பின்லாந்தின் அல்வார் ஆல்ட்டோ 1933இல் செய்த மூன்று கால் முக்காலி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைப்பதற்கென்றே பிறந்தது. நூலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் குந்துவதற்கானது. அதைச் செய்யும் ஆர்ட்டெக் நிறுவனம் தேய்ந்து கறைபட்ட பழைய முக்காலிகளைத் தானே திரும்ப வாங்கி விற்கின்றது. கறை அங்கே குறையாகக் கருதப்படுவதில்லை.

எல்லாரையும் ஒரே தட்டில் வைத்துவிடக் கூடாதுதான். மீஸ் வான் டெர் றோவும் லில்லி றைக்கும் 1929இல் பார்சிலோனாக் கண்காட்சியின் ஜேர்மன் மண்டபத்துக்குச் செய்த கதிரை, ஸ்பானிய மன்னர் வந்தால் அமரட்டும் என்ற நோக்கில் எழுந்தது. மன்னருக்கென்று செய்ததை வங்கிகளும் சட்டத்தரணிகளின் அலுவலகங்களும் பின்னர் தத்தெடுத்துக்கொண்டன. அதில் கைபிடி கிடையாது. ஆசனம் தாழ்ந்தது, ஆழமானது. எழுபது வயதுத் தாயை அதில் இருத்திவிட்டு எழும்பச் சொல்லிப் பாருங்கள். இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிவரும். மன்னர்கள் எழும்புவதற்கு உதவியாளர்கள் இருந்திருப்பார்கள், நமக்கு யார் இருக்கின்றார்கள்?

ஈம்ஸ் தம்பதியரின் கதை வேறு. சார்ள்ஸ், ரே ஆகிய இருவரும் பலகை அடுக்குகளை ஒட்டி வளைத்தும் பின்னர் பிளாஸ்டிக்கை வார்த்தும் மலிவான கதிரைகள் செய்வதற்குப் பல ஆண்டுகள் பாடுபட்டவர்கள். 1956இல் அவர்கள் வெளியிட்ட தோல் மெத்தைச் சாய்வு நாற்காலி மட்டும் தொடக்கம் முதலே விலை கூடியது.  இன்று ஆறாயிரம் டொலருக்கு மேல் விலை சொல்லப்படுவதும், உலகெங்கும் அதிகமாகப் போலி செய்யப்படுவதும் இந்தக் கதிரைதான்.

ஆனால் அந்தக் கதிரை வெளிவந்து இரண்டே ஆண்டுகளில் அவர்கள் எழுதிய ஒன்றை வாங்குவோரில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? இந்திய அரசாங்கத்தின் அழைப்பில் நாடெங்கும் சுற்றிய அத்தம்பதியர், 1958இல் கையளித்த அறிக்கையில், தாம் இந்தியாவில் கண்டு வியந்த பொருள்களில் ஆக அழகானது லோட்டா என்றார்கள். நாம் செம்பு என்கிறோமே, அதுதான்! கைக்கு எப்படி அடங்குகின்றது, இடுப்பிலும் தலையிலும் எப்படி நிற்கின்றது, நிறைந்தபோதும் வெறுமையானபோதும் எடை எப்படிச் சமநிலைப்படுகின்றது, நீர் எப்படி ஒழுகுகின்றது, என்ன விலை, உடைந்தால் உலோகத்துக்கு என்ன கிடைக்கும் என்று வரிசையாகக் கேள்வி எழுப்பினார்கள். அந்த அறிக்கையின் பேறாகவே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று. நம் கிணற்றடியில் கிடந்த செம்பைப் பார்த்துப் பாடம் கற்றவர்களின் கதிரையை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தச் செம்பைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடுகின்றவர்களை நான் அறிவேன். அவர்களின் இரசனையை என்னவென்பது?

செம்பிடம் ஈம்ஸ் கேட்ட கேள்விகளை ஈம்ஸ் கதிரையிடமும் கேட்கத்தான் வேண்டும். தோல் மெத்தைகளைக் கழற்றி மாற்றலாம், நல்லது. பலகையையும் முதுகுப் பகுதியையும் இணைக்கும் இறப்பர் வட்டுகள் ஆண்டுகள் செல்லச் செல்ல இறுகிப் பிடி விடும், பிடி விட்டால் முதுகு கழன்று விழும், மரத்தையும் பிளந்துகொண்டு போகும். அதைச் சீர்செய்யத் தெரிந்தவர் உங்கள் ஊரில் உண்டா? பிரேசில் நூக்க மரத்தால் செய்த பழைய கதிரைகளுக்குத்தான் மதிப்பு என்று சிலர் தேடி அலைவதும் உண்டு. 1992இலிருந்து அந்த மரம் சர்வதேச வணிகத்தில் கடும் தடைக்கு உட்பட்டது, நினைத்தபடி நாடு கடத்த முடியாது. முழங்கால் வருத்தக்காரர்களுக்கு இந்தக் கதிரையும் பொருந்தாது. தாழ்வாகச் சாய்ந்து கிடப்பதற்கானது அது. நாளுக்கு இரண்டு மணி நேரம் சாய்ந்திருந்து வாசிக்கின்ற, நன்றாக எழும்பி நடமாடுகின்ற ஒருவருக்கென்றால் நான் "வாங்குங்கள்" என்பேன். வாசிப்புப் பழக்கம் இல்லாத வீட்டில் வாசிப்புக் கதிரை எதற்கு?

போலிகளைப் பற்றியும் ஒரு சொல். இலண்டனில் உள்ளவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பிரித்தானியாவில் முன்பு இத்தகைய பொருள்கள் சந்தைக்கு வந்து 25 ஆண்டுகளானதும் எவரும் அதே வடிவைச் செய்து விற்கலாம் என்றிருந்தது. 2016 யூலையில் அந்தச் சட்டப் பிரிவு நீக்கப்பட்டது. இப்போது, கலைப்படைப்பாக ஏற்கப்படும் தளபாடத்துக்குப் படைத்தவர் இறந்து 70 ஆண்டுகள் வரை காப்புரிமை உண்டு. போலி வாங்குவது திருட்டு என்று பெரிய நிறுவனங்கள் கூவுகின்றன. படைத்தவரும் இறந்து, காலமும் போனபின், அந்தப் பெயரைக் கட்டியாள்கின்ற நிறுவனத்தின் கண்ணீருக்காக நான் அழப்போவதில்லை. போலியின் மீதான எனது முறைப்பாடு வேறு. அது வெளித்தோற்றத்தை மட்டும் பிரதி செய்கின்றது, உள்ளே இருக்கும் மூட்டையும் பசையையும் திருகாணியையும் பிரதி செய்வதில்லை. அதாவது, அசலில் காசு கொடுக்கத் தகுந்தது எதுவோ அதை விட்டுவிட்டு, காசு கொடுக்கத் தகாத பெயரையும் சாயலையும் மட்டும் விற்கின்றது. (1963இல் கிறிஸ்டின் கீலர் திருப்பிப் போட்டு அமர்ந்த அந்த உலகப் புகழ்பெற்ற நிழற்படத்தில் இருப்பதும் ஆர்ன் ஜேக்கப்சன் கதிரையின் போலிதான். போலியே அருங்காட்சியகம் ஏறிவிட்டது. அது ஒரு தனிக் கதை.)

இனிச் சிக்கனக்காரர்களிடம் வருவோம்.

ஒரு நாள் சாமத்திய வீட்டுக்கு மண்டபம், பல்லக்கு, புகைப்படக்காரர், ஒளிப்படத் தொகுப்பு, ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு என்று ஆயிரக்கணக்கில் கொட்டுகின்றவர்கள், இருபது வருடங்கள் நாள்தோறும் இருக்கப்போகும் கதிரைக்கு எண்ணூறு டொலர் என்றதும் வாயைப் பிளக்கின்றார்கள். அவர்கள் சிக்கனக்காரர்கள் என்று யார் சொன்னது? கதிரைக்குக் கொடுக்காத காசைச் செற்றிக்குக் கொடுக்கின்றார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் நம்மவர் வீடுகளில் அந்தச் செற்றியைக் காணாதவர் உண்டோ? மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் மேல் கம்பிச்சுருளும் பஞ்சும், அதற்கு மேல் தோல் போலத் தோன்றும் ஒன்று. கடையில் தவணைக்குக் கொடுப்பார்கள். முதல் வருடம் வட்டியில்லை என்பார்கள். மூன்றாம் வருடம் நடுவில் குழி விழும், ஐந்தாம் வருடம் தோல் செதில் செதிலாக உரியும், பிறகு ஒரு குளிர்காலக் காலையில் வீதியோரக் குப்பையில் பனி மூடிக் கிடக்கும்.

கணக்குப் பார்ப்போம். செற்றி 1,500 டொலர், ஐந்தாண்டு ஆயுள் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 300. ஆறாயிரம் டொலர்க் கதிரை முப்பது ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுக்கு 200. செற்றியில் நால்வர் இருக்கலாம், அந்தக் கதிரையில் ஒருவர்தானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் ஆறாயிரத்தை ஒன்றில் போடுவதைவிட, சாப்பாட்டு மேசையைச் சுற்றிப் போடுங்கள் என்கிறேன். டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949இல் வரைந்து, 1950 முதல் இன்றுவரை இடைவிடாமல் செய்யப்பட்டுவரும் ஒரு கதிரை உண்டு. முதுகில் கவண்கவட்டை போன்ற ஒரு மரத்துண்டு இருக்கும். ஆசனத்தை முறுக்கிய கடதாசிக் கயிறு ஏறத்தாழ 120 மீற்றர் கொண்டு கையால் பின்னுகின்றார்கள். அறுந்தால் திரும்பப் பின்னலாம். கதிரைக்கு வயது முடிந்துவிட்டது என்ற பேச்சே இல்லை. நம் வீட்டுப் பிரம்புக் கதிரையின் தர்மமும் அதுதானே?

விறாந்தையில் கிடந்த சாய்மனைக் கதிரையை இவ்விடத்தில் நினைக்காதிருக்க முடியவில்லை. தேக்கிலோ பலாவிலோ சட்டம், பிரம்பு அல்லது தடித்த துணி, காலை நீட்டிப் போட்டுக்கொள்ள நீண்ட கை. பெயர் தெரியாத தச்சன் செய்தது. வீட்டிலேயே ஆக நல்ல கதிரை அதுதான், ஆகக் கூடுதலாகப் பாவிக்கப்பட்டதும் அதுதான். பழைய வீடுகளின் இந்த ஒழுங்கை நாம் தலைகீழாக்கிவிட்டோம். இப்போதோ ஆக நல்லது முன்னறையில் பொலித்தீன் உறைக்குள் விருந்தாளிக்காகக் காத்திருக்க, வீட்டார் குசினிக்குள் ஆடும் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து சாப்பிடுகின்றார்கள்.

பழமையைப் புகழ்ந்துவிட்டு நிறுத்திக்கொள்ள என்னால் இயலாது. அந்தச் சாய்மனையில் இருந்தவர் எப்போதும் ஐயாதான். அம்மா அதில் சாய்ந்ததை யாராவது கண்டதுண்டா? அவளுக்குப் பலகைக்கட்டை, அல்லது குசினி வாசற்படி. புலம்பெயர்ந்த பின்னும் இது பெரிதாக மாறிவிடவில்லை. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வந்து, அடுப்படியில் இன்னும் இரண்டு மணி நேரம் நிற்கின்ற பெண்ணுக்கென்று அந்த வீட்டில் ஒரு கதிரை கிடையாது. ஆயிரக்கணக்கில் கொடுத்து ஒரு கதிரை வாங்குவதா வேண்டாமா என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: யார் இருப்பதற்கு? பதில் "வருகிறவர்கள்" என்றால் வாங்காதீர்கள். பதில் ஒரு பெயராக இருந்தால், அந்தப் பெயருக்குரியவர் நாள்தோறும் இருக்கப்போகின்றார் என்றால், கையில் காசும் இருந்தால், தாராளமாகச் செலவழியுங்கள். கடனட்டையில் மட்டும் வேண்டாம். வட்டியைக் கூட்டினால் மேலே போட்ட கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும்.

நம்மவர் நல்ல தளபாடம் வாங்கத் தயங்குவதற்கு வெளியே சொல்லப்படாத இன்னொரு காரணமும் இருக்கின்றது. அதைக் கஞ்சத்தனம் என்று ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. 1983 யூலையில் கொழும்பில் வீடுகள் எரிந்தன. 1990 ஒக்ரோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் கையில் அகப்பட்டதுடன் வெளியேற்றப்பட்டார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் ஓர் இரவில் நடந்தார்கள். எவராவது கதிரையைத் தூக்கிக்கொண்டு போனார்களா? திரும்பி வந்தபோது கதிரை மட்டுமா இல்லை, கதவும் யன்னலும் நிலையும்கூட இல்லை. காவிச் செல்ல முடிந்ததே சொத்து என்று, நகையிலும் படிப்பிலும் காசு போடக் கற்றுக்கொண்ட சமூகம் இது. பாரமான ஒரு மரக்கதிரையை வாங்குவதென்றால் இந்த இடத்தில் நான் இருப்பேன் என்று முடிவு செய்வதாகும். அந்த முடிவை எடுக்காமலே முப்பது வருடங்களாக ஸ்காபரோவிலும் ஹரோவிலும் வாழ்கின்றவர்கள் இருக்கின்றார்கள். அவர்களின் வீட்டில் எல்லாமே "இப்போதைக்கு" வாங்கியவை. பிள்ளைகள் அந்த "இப்போதைக்கு" ஒன்றின் மீதே வளர்ந்து, படித்து, திருமணம் செய்தும் போய்விட்டார்கள். இனியும் எதற்குக் காத்திருப்பது? வாடகை வீட்டில் இருப்பவர், அடுத்த வருடம் இடம் மாறப்போகின்றவர், தவழும் பிள்ளை வைத்திருப்பவர் பொறுத்திருக்கட்டும், அதில் நியாயம் உண்டு. வீட்டுக் கடன் கட்டி முடித்து, தலையும் நரைத்தபின்னரும் குழி விழுந்த செற்றியில் முதுகு நோவுடன் இருப்பவருக்கு என்ன நியாயம் இருக்கின்றது?

இலங்கையில் இருப்பவர்கள் டென்மார்க்கைப் பார்த்து ஏங்கத் தேவையில்லை. மொறட்டுவையில் தலைமுறை தலைமுறையாக மரவேலை செய்கின்றவர்கள் இருக்கின்றார்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கைதேர்ந்த தச்சர்கள் இன்னும் இருக்கின்றார்கள். அவர்களிடம் பார்சிலோனாக் கதிரையின் படத்தைக் கைபேசியில் காட்டி "இதைப்போல ஒன்று" என்று கேட்காதீர்கள். அவர்களும் போலியைத்தான் செய்து தருவார்கள், உங்கள் பிழைக்கு அவர்களைக் குறை சொல்வீர்கள். மரம் காய்ந்ததா என்று கேளுங்கள். மூட்டுகளை ஆணியால் அடிக்காமல் பொளியும் கழுந்துமாகப் பூட்டச் சொல்லுங்கள். நெகிழிப் பிரம்பு மலிவு என்பார்கள், அசல் பிரம்புக்கே காசு கொடுங்கள். அவர் கேட்கும் கூலியைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். வெளிநாட்டுப் பெயருக்கு வாய் திறவாமல் கொடுக்கின்றவர்கள் உள்ளூர்த் தச்சனிடம் ஐந்நூறு ரூபாவுக்கு மல்லுக்கட்டுவதை என் கண்ணாலேயே பார்த்திருக்கின்றேன்.

எங்கே வாங்கினாலும், கடைக்கோ பட்டறைக்கோ போகும்போது இருக்கப்போகின்றவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாதம் நிலத்தில் பதிய, முழங்கால் மடிப்பு வரை எத்தனை அங்குலம் என்று முதலிலேயே அளந்துகொள்ளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் அரை மணி நேரம் அதில் இருக்கவிடுங்கள். பிறகு யாருடைய கையையும் பிடிக்காமல் எழும்பச் சொல்லுங்கள். எழும்ப முடிந்தால் விலையைக் கேட்கலாம்.